கறிவேப்பிலைப் புழு கொட்டாது, அதில் விஷமும் இல்லை

"கறிவேப்பிலைச் செடியில் பாம்புத் தலையோடு ஒரு பச்சைப் புழு வருகிறது, சிவப்புக் கொம்பால் கொட்டினால் உயிருக்கே ஆபத்து, உடனே மருந்தடியுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது பொய். தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அது வண்ணத்துப்பூச்சியின் புழு. பெரிய கண்கள் போலத் தெரிவது தோலில் உள்ள வெறும் அடையாளம். நிஜத் தலை அதற்கு முன்னால் சின்னதாகக் குனிந்திருக்கும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒரு சிவப்பு உறுப்பு நீளும். தொட்டால் மெத்தென்று ஈரமாக இருக்கும், குப்பென்று நெடியடிக்கும், சற்று நேரத்தில் உள்ளே போய்விடும். எறும்பையும் சிலந்தியையும் விரட்டத்தான் அது. கொட்டுவதற்கு அதில் முள்ளே கிடையாது. முருங்கையில் கூட்டமாக அப்பும் கம்பளிப்பூச்சிதான் அரிக்கும், இது அதுவல்ல.

சிறு வயதில் இதே புழு காக்கை எச்சம் போலவே இருக்கும். எலுமிச்சை, நாரத்தையிலும் தேடிப் பாருங்கள்.

வளர்க்க ஆசையா? காற்றோட்டமான டப்பாவில் கிளையோடு வையுங்கள், தினமும் அதே செடியின் புது இலை கொடுங்கள். கடையில் வாங்கிய கறிவேப்பிலை வேண்டாம், பூச்சிமருந்து பட்டிருந்தால் செத்துவிடும். ஒரு குச்சியும் சாய்த்து வையுங்கள். இடுப்பில் பட்டிழை கட்டிக்கொண்டு அதில்தான் கூட்டுப்புழுவாகும். அப்புறம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வண்ணத்துப்பூச்சி வெளியே வரும். இறக்கை காயும்வரை தொடாதீர்கள்.