தரிசனத்துக்குச் சான்றிதழ் தர இயந்திரத்தால் ஆகுமா?

"கடவுளைக் கண்டேன்" என்று யாராவது சொன்னால், அதை இனி செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துச் சோதித்துவிடலாமே என்று சில நண்பர்கள் உற்சாகமாகப் பேசுகிறார்கள். சாமியாரும் வேண்டாம், பகுத்தறிவாளரும் வேண்டாம், கணினி நடுநிலையாகத் தீர்ப்புச் சொல்லிவிடுமாம். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

இயந்திரத்தால் ஆகக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிலை கண்ணீர் விடும் காணொளி வெட்டி ஒட்டப்பட்டதா, 'எனக்கு அருளப்பட்டது' என்று ஒருவர் வெளியிடும் செய்தி பழைய பக்தி நூலிலிருந்து உருவியதா, பல சாட்சிகளின் வாக்குமூலம் ஒரே வாயிலிருந்து வந்ததா என்று துருவிப் பார்க்க அது உதவும். (அதிலும் சறுக்கும். இயந்திரம் வரைந்த படத்தைக் கண்டுபிடிப்பதில் இயந்திரமே இன்னும் தடுமாறுகிறது.) ஆனால் மோசடி அகப்படவில்லை என்பதற்காகக் காட்சி மெய்யாகிவிடுமா?

மெய்யான தரிசனத்தை அடையாளம் காண இயந்திரத்தைப் பழக்க வேண்டுமானால், 'இது மெய், இது பொய்' என்று முன்பே குறியிட்ட ஏராளமான உதாரணங்கள் வேண்டும். யார் குறியிடுவது? பதினைந்தாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையோடு போருக்குப் போன இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். புனிதர்களின் குரல் தனக்குக் கேட்கிறது என்றார் அந்தப் பெண். 1431-இல் ரூவான் நகரில் கூடிய சமய நீதிமன்றம் அதை ஏற்காமல் குற்றவாளி என்றது, உயிரோடு எரித்தார்கள். 1456-இல் அதே கத்தோலிக்கத் திருச்சபையின் மறுவிசாரணை அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 1920-இல் புனிதர் பட்டமும் வந்துசேர்ந்தது. முதல் விசாரணையில் அவர் சொன்ன பதில்கள் இன்றும் ஏட்டில் இருக்கின்றன. அவற்றைப் படித்தவர்கள் மாறினார்கள், பிரான்சில் ஆட்சி யார் கையில் என்பது மாறியது. இந்த ஒரே வாக்குமூலத்துக்கு எந்தக் குறியை இட்டு இயந்திரத்துக்கு ஊட்டுவது? எதை ஊட்டினாலும் அது கற்றுக்கொள்வது அந்தந்தக் காலத்து நீதிபதியின் மனத்தைத்தான்.

மூளையை ஸ்கேன் செய்து பார்க்கலாம் என்பார்கள். அதையும் செய்தாயிற்று. கனடாவின் மாண்ட்ரியலில் கார்மல் என்ற கத்தோலிக்கத் துறவுச் சபையின் கன்னியர் 15 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. இறையனுபவத்தை நினைத்த நேரத்தில் வரவழைக்க முடியாது என்பதால், வாழ்வில் அடைந்த மிக ஆழமான அனுபவத்தை நினைவுகூரச் சொல்லிப் படம் எடுத்தார்கள். மூளையின் பல பகுதிகள் சேர்ந்து இயங்கின. சரி, இயங்கட்டும். மரத்தைப் பார்த்தாலும் மூளை இயங்கும், மரத்தைக் கனவில் கண்டாலும் இயங்கும். எதிரே மரம் நின்றதா என்பதை மூளைக்குள் தேடி என்ன பயன்?

நம் அப்பரையே பாருங்கள். கயிலைக்குப் போக நடந்து நடந்து உடல் தேய்ந்தவருக்குத் திருவையாற்றில் கயிலைக் காட்சி கிடைத்தது என்பது மரபு. அந்தப் பதிகத்தில் அவர் கண்ணில் படுபவை எவை? பிடியோடு வரும் களிறு, பெடையோடு வரும் கோழி. அவற்றைப் பார்த்துத்தான் 'கண்டறியாதன கண்டேன்' என்கிறார். அங்கே ஒரு கேமரா இருந்திருந்தால் யானையும் கோழியும் பதிவாகியிருக்கும். மென்பொருளும் 'யானை இரண்டு, கோழி இரண்டு' என்று பிழையில்லாமல் அறிக்கை தந்திருக்கும்.

என் உண்மையான கவலை வேறு. விசாரணைக் குழுக்கள் எப்படியோ போகட்டும், தூக்கமில்லாத இரவில் தனியாக உட்கார்ந்து, "எனக்கு இப்படி ஒரு காட்சி வந்தது, உண்மையா?" என்று உரையாடல் செயலியிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அளவுக்கு மீறி ஆமாம் போட்டு முகத்துதி செய்கிறது என்று சாட்ஜிபிடியின் ஒரு பதிப்பை 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனமே திரும்பப் பெற்றது. ஆமாம் போடுகிற ஒன்றிடம் தரிசனத்தை ஒப்படைத்தால் என்ன பதில் வரும்? நல்ல குருவோ நல்ல மருத்துவரோ என்றால், "சரியாகத் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று? வீட்டில் யாராவது இறந்தார்களா?" என்றுதான் முதலில் கேட்பார்.

இத்தகைய உரிமைகோரல்களைப் பல நூற்றாண்டுகளாக விசாரித்துவரும் வாத்திகனே இப்போது பின்வாங்கி நிற்கிறது. 2024 மே மாதம் வெளியான அதன் புதிய நெறிமுறைப்படி, ஒரு காட்சியை இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று பொதுவாக அறிவிப்பதில்லை. மரியன்னை காட்சி தருவதாகச் சொல்லப்படும் போஸ்னிய ஊரான மெஜுகோரியே விஷயத்திலும் அதே ஆண்டு செப்டம்பரில் பக்திக்குத் தடையில்லை என்று சொன்னதே தவிர, காட்சி மெய் என்று சொல்லவில்லை. அவர்களே வாயைத் திறக்கத் தயங்கும் இடத்தில் ஒரு செயலி '87 சதவீதம் தெய்வீகம்' என்று திரையில் காட்டினால், எண்ணைப் பார்த்ததும் நம்பக்கூடிய கூட்டம் ஒன்று நிச்சயம் உண்டு. ஆகவே எந்த மத அமைப்பானாலும் சரி, விசாரணையில் இந்தக் கருவியைப் பயன்படுத்தினால் அறிக்கையில் 'மோசடிக்கான தடயம் கிடைத்தது' அல்லது 'கிடைக்கவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சதவீதம் போடவே கூடாது.