டைட்டானியம் காது எலும்பும் எம்ஆர்ஐயும்: ஒரு திருத்தம்

பழுதான காது எலும்புக்கு மாற்றாக நடுச்செவியில் டைட்டானியம் எலும்பு பொருத்திக்கொண்டவர்கள், வலிமையான காந்தத்தைக் கொண்டு உடலின் உட்படம் எடுக்கும் எம்ஆர்ஐயை வாழ்நாள் முழுவதும் எடுக்கவே கூடாது என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. உட்செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிக் கேட்கவைக்கும் கருவியான காக்ளியர் இம்பிளாண்டையும் இதையும் அவர் ஒன்றாக எண்ணிவிட்டார் போலும். தோலுக்கு அடியில் காந்தம் இருப்பது அதில்தான். நடுச்செவியில் வைப்பதோ காந்தமும் மின்சுற்றும் இல்லாத, சில மில்லிகிராம் எடையே உள்ள, செவிப்பறையின் அதிர்வை உட்செவிக்குக் கடத்தும் ஒரு சிறு தண்டு. டைட்டானியம் காந்தத்தை நோக்கி ஓடும் உலோகம் அன்று.

அச்சத்துக்கு வேரே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். உட்செவியை ஒட்டியுள்ள அங்கவடி என்ற சிற்றெலும்புக்கு மாற்றாக வைக்கப்பட்ட, பிஸ்டன் எனப்படும் ஒருவகை எஃகுத் தண்டுகளில் சில தொகுதிகள் காந்தத்தால் ஈர்க்கப்படுவது தெரிந்து, 1987இல் அவை திரும்பப் பெறப்பட்டன. அது எஃகின் கதை.

பினாங்கில், டைட்டானியம் எலும்பு பொருத்திக்கொண்ட என் தாயாருக்கு முதுகுத்தண்டு எம்ஆர்ஐ எடுக்கப் போனபோது, முகப்பில் இருந்த பெண் முதலில் தயங்கத்தான் செய்தார். அறுவை சிகிச்சையன்று கொடுத்த, ஓரம் கிழிந்த சிற்றட்டையை அம்மா கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். காதில் வைத்த தண்டின் வகையும், எவ்வளவு காந்த வலிமை வரை எம்ஆர்ஐ எடுக்கலாம் என்பதைச் சொல்லும் ‘3 டெஸ்லா வரை’ என்ற குறிப்பும் அதில் இருந்ததால், மருத்துவர் பார்த்துவிட்டு அன்றைக்கே படம் எடுக்கச் சொல்லிவிட்டார். அட்டை தொலைந்திருந்தால், அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலை மருத்துவமனையில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. தண்டின் உலோகத் தலை செவிப்பறையை நேரடியாக உரசினால், நாளடைவில் அந்தத் தண்டு வெளியே தள்ளப்படலாம். அதனால்தான் இடையில் மெல்லிய குருத்தெலும்புத் துண்டு ஒன்றை வைக்கிறார்கள்.