கிப்சனைக் கவிழ்த்தது டியூனர் இல்லை

"தானாகச் சுருதி சேர்க்கும் டியூனரை கிடார்காரர்கள் வெறுத்ததால்தான் கிப்சன் திவாலானது" என்று அமெரிக்கக் கிடார் நிறுவனமான கிப்சனைப் பற்றி ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அது சரியில்லை.

2018 மே மாதம் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனதற்குக் காரணம் கடன். 2014-இல் பிலிப்ஸின் ஆடியோ பிரிவை 13.5 கோடி டாலருக்கு வாங்கி, ஹெட்போன், ஸ்பீக்கர் வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டார்கள். கிடார் அப்போதும் விற்றுக்கொண்டுதான் இருந்தது.

2015 மாடல்கள் மேல் எரிச்சல் இருந்தது உண்மை. ஆனால் அந்த வருடம் மாறியது ஜி-ஃபோர்ஸ் என்ற அந்தத் தானியங்கி டியூனர் மட்டுமா? கழுத்து அகலமானது, பித்தளை நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் பள்ளங்கள் உள்ள துண்டு) வந்தது, தலைப்பகுதியில் வழக்கமான எழுத்துக்குப் பதிலாக கிடார் கலைஞர் லெஸ் பாலின் நூற்றாண்டை ஒட்டி 'லெஸ் பால் 100' கையெழுத்து, போதாததற்கு விலையேற்றம். பெரும்பாலான மாடல்களில் இதெல்லாம் கட்டாயம். 2007-இல் தானே சுருதி சேர்க்கும் ரோபோ கிடாரை இதே கிப்சன் கொண்டுவந்தபோது இந்தக் கூச்சல் இல்லை. அது தனி மாடல், வேண்டியவர் வாங்கினார். 2016-இல் பழைய பாணிக்கு டி, புதுமைக்கு ஹெச்பி என்று வரிசையையே பிரித்தார்கள். எரிச்சல் டியூனர் மேல் மட்டுமல்ல, எல்லாவற்றையும் கட்டாயமாக்கியதன் மேல் என்று அதிலிருந்தே தெரியவில்லையா?

அப்புறம், அந்த டியூனர் "வாசிக்கும்போதே சுருதியைத் திருத்தும்" என்று சொல்வதும் தவறு. வாசிப்பை நிறுத்தி, தந்திகளை விரலால் அழுத்தாமல் மீட்டி, விளக்கு பச்சையாகும்வரை காத்திருக்க வேண்டும். நட்டின் பள்ளத்தில் தந்தி சிக்கிக்கொண்டிருந்தால் மோட்டார் சேர்த்த சுருதியும் நிற்காது. முதல் பெண்டிலேயே (தந்தியை விரலால் பக்கவாட்டில் வளைக்கும்போதே) தந்தி வழுக்கி இறங்கிவிடும். பலர் டியூனரைத் திட்டியபோது பழுது பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்.