இரண்டாவது வழியும் அதே வாசலுக்குப் போகட்டும்

போர்ட்டிக்சன் பக்கம் போகும்போதெல்லாம் பேருந்துச் சன்னல் வழியாக இராணுவ முகாம்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் ரந்தாவ் தோட்டத்துப் பிள்ளைகள். என் அக்கா மகனும் அப்படித்தான். மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடித்ததும், சுங்கை பெசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சி அதிகாரியாக, அதாவது படைஅதிகாரியாவதற்குப் பயிற்சி பெறும் மாணவனாக, விண்ணப்பித்தான், இடம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு யோசனை. தனியார் கல்லூரியில் கடன் வாங்கி டிப்ளோமா படிக்கட்டும் என்கிறார் அத்தான். முதலில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்துவிட்டால் பிறகு அதிகாரியாகிவிடலாம் என்கிறார்கள் அவனுடைய நண்பர்கள்.

எந்தக் கட்டத்தில் தடைபட்டது என்று மட்டும் அவனை யாரும் கேட்கவில்லை. மாற்று வழியைத் தீர்மானிக்க வேண்டியதே அந்தப் பதில்தான் என்பது என் கருத்து. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை போன்ற உடற்காரணம் என்றால், வேறு எந்த வழியில் போனாலும் அதே மருத்துவப் பரிசோதனை எதிரே நிற்கும். அப்போது கனவையே மறுபரிசீலனை செய்வதுதான் நேர்மை. இவன் ஓட்டத்திலும் உடற்பரிசோதனையிலும் தேறியவன். நேர்முகத் தேர்வில் மலாயில் கோவையாகப் பேச முடியாமல் தடுமாறியதாக அவனே சொல்கிறான். வயதும் படிப்பும் பழக்கமும் சரிசெய்யக்கூடிய குறை அது.

ஆகவே ஆறாம் படிவத்துக்குப் போகச் சொன்னேன். பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்டிபிஎம் படிப்பு ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை. தோட்டத்துக் குடும்பம் தாங்கக்கூடிய செலவு. அதில் நன்றாகத் தேறி அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் பிடித்தால், தேவைப்படும்போது அழைக்கப்படும் சேமப்படைக்கு அதிகாரிகளை உருவாக்கும் பலாபெஸ் பயிற்சியில் சேர முயலலாம். பாடங்களோடு சேர்த்து மூன்று ஆண்டுகள், வார இறுதிகளில் அணிநடையும் ஆயுதப் பயிற்சியும், ஆண்டுதோறும் முகாமும் இருக்கும். சிறு படித்தொகையும் தருவார்கள். முடிவில் லெப்டினன் மூடா என்ற தொடக்கநிலை அதிகாரிப் பதவி கிடைக்கும். அது சேமப்படைப் பதவி, மாதச் சம்பளம் தரும் முழுநேர வேலை அன்று என்பதைப் பெற்றோர் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் பட்டத்தையும் அந்தப் பயிற்சியையும் கையில் வைத்துக்கொண்டு, பட்டதாரிப் பயிற்சி அதிகாரியாக நிரந்தரப் படைக்கு மறுபடியும் விண்ணப்பிக்கலாம். தரைப்படைக்குத் தேர்வானால், பயிற்சி தருவது நம் பக்கத்து ஊரான போர்ட்டிக்சனில் உள்ள தரைப்படைக் கல்லூரி. தனியார் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் பலாபெஸ் கிடையாது. அத்தானிடம் நான் வாதாடியது கடனைப் பற்றி மட்டும் அன்று, மூடிப்போகும் இந்தக் கதவைப் பற்றியும்தான்.

சிப்பாயாகச் சேர்வதை நான் குறைத்துப் பேசவில்லை. அதற்கென்று தனித் திறமையும் பெருமையும் உண்டு. அதை விரும்பிப் போகிறவன் போகட்டும். காத்திருப்பு அறையாக நினைத்துப் போகக் கூடாது. சிப்பாயாகத் தொடங்கி அதிகாரியானவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், அது பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு, படை தேர்ந்தெடுக்கும்போது கிடைப்பது.

“நம்மவர்களை எடுப்பார்களா?” என்று கோயில் திடலில் பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அரச மலாய்ப் படைப்பிரிவு மலாய்க்காரர்களுக்கு மட்டுமே உரியது என்பது உண்மை. அதே தரைப்படையில் எல்லா இனத்தவரும் சேரக்கூடிய அரச ரேஞ்சர் படைப்பிரிவு இருக்கிறது. கடற்படையும் ஆகாயப் படையும் இருக்கின்றன. 1967இல் மலேசியக் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம், அப்போது அவருக்கு வயது 31. அந்தப் பெயரைக்கூட நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல், விண்ணப்பிக்கும் முன்பே அவர்களைச் சோர்வடையச் செய்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆறாம் படிவத்துக்கு இப்போது பதிந்துவிட்டான். மாலை நேரங்களில் என் வீட்டுக்கு வருகிறான். மலாய் நாளிதழில் ஒரு செய்தியை வாசித்துவிட்டு, அதைப் பற்றி ஐந்து நிமிடம் மலாயிலேயே பேச வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. நேற்று மூன்று நிமிடம் நிற்காமல் பேசினான்.