மே ஹோல்மன் வென்றது எந்த நாடாளுமன்றத்தில்?

“1925 இடைத்தேர்தலில் ஃபாரஸ்ட் தொகுதியில் வென்று ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண் மே ஹோல்மன்” என்றொரு பதிவு சுற்றுகிறது. ஆண்டும் இடைத்தேர்தலும் சரி, தொகுதிப் பெயரும் சரி. மற்றவை தவறு.

குழப்பத்துக்குக் காரணம் அந்தப் பெயர்தான். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஃபாரஸ்ட் என்று இரண்டு தொகுதிகள் இருந்தன: ஒன்று மாநிலச் சட்டமன்றத்துக்கு, இன்னொன்று 1922 முதல் கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு. ஹோல்மன் வென்றது மாநிலத் தொகுதியில். உறுப்பினராக இருந்த தந்தை ஜான் ஹோல்மன் 1925 பிப்ரவரியில் இறந்ததால் இடம் காலியானது. ஏப்ரல் 3 அன்று மகள் தேர்வானார். கான்பெராவின் கூட்டாட்சி அவைகளுக்குப் பெண்கள் தேர்வானது 1943-ல்தான்: கீழவைக்கு எனிட் லயன்ஸ், மேலவைக்கு டொரத்தி டாங்னி.

மாநில அளவிலும் ஹோல்மன் முதல் பெண் அல்ல. 1921 மார்ச் 12 அன்று மேற்கு பெர்த்தில் எடித் கோவன் வென்றுவிட்டார், அதுவும் பதவியிலிருந்த அட்டர்னி ஜெனரலையே தோற்கடித்து! 1924-ல் கோவன் தோற்றார். ஆக ஹோல்மன் இரண்டாமவர்; நியூ சவுத் வேல்ஸின் மில்லிசென்ட் பிரஸ்டன்-ஸ்டான்லி வென்றது 1925 மே 30-ல், அதாவது ஹோல்மனுக்கு எட்டு வாரம் கழித்து.

ஹோல்மனுக்கு உரிய “முதல்” வேறு: லேபர் கட்சியின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர். 1939-ல் இறக்கும்வரை அந்தத் தொகுதி அவரிடமே இருந்தது. “அப்பா விட்டுச்சென்ற நாற்காலி” என்று எழுதுகிறவர்கள் அந்தப் பதினான்கு ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள்.