எங்கள் காரணத்தை எங்களிடம் கேளுங்கள் சார்

நேற்று எங்கள் காலேஜ் செமினார் ஹாலில் நடந்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க இன்ஸ்டாகிராம் பார்த்து வீகன் ஆகுதுங்க" என்று சார் மைக்கில் சொன்னதும் மொத்த ஹாலும் திரும்பி, கறி தின்னாத என்னைப் பார்த்துச் சிரித்தது. (வீகன் என்றால் கறி மட்டுமில்லை, பால், தயிர், முட்டைகூடத் தொடாதவர்கள்.) நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய?

சார், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் ரூம்மேட், மனிதர்களால் வெளியாகிப் பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுவில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பால் வருகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013ல் சொன்ன கணக்கைக் கட்டிலுக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறாள். பக்கத்து ரூம் அக்கா ஹாஸ்டல் மெஸ்ஸில் சிக்கன் டோக்கன் வாங்கும் காசை ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு எடுத்து வைக்கிறார். இதில் இன்ஸ்டா எங்கே வந்தது?

என் காரணம் பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்தில் இருக்கிறது. அப்பா கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்த்துக் கொடுக்கிறார். ஒன்பதாவது படித்ததிலிருந்து, காலையில் ஷெட்டுக்குள் போய்ச் செத்ததைப் பொறுக்குவது என் வேலை, கைப்பிடி ஒரு பக்கம் கழன்ற பழைய பெயிண்ட் பக்கெட்டோடு. 40 நாளில் 2 கிலோ தாண்ட வேண்டும் என்றே உண்டாக்கிய இனம் அது, கடைசி வாரத்தில் சிலது எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தே கிடக்கும். செத்துவிட்டது என்று கையை வைத்தால் கண்ணைத் திறக்கும்.

உடனே வருவார்கள், "புரதத்துக்கு என்ன பண்ணுவ?" என்று. கொள்ளும் பச்சைப்பயறும் கடைந்து தின்று வளர்ந்த ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்வியா இது? வைட்டமின் பி12க்கு மாத்திரை போடுகிறேன், போதுமா? சைவம் என்றாலே சாதித் திமிர் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, சோற்றை வைத்து ஆளை ஒதுக்குகிற ஊர்தான் இது. ஆனால் நான் யார் தட்டையாவது எட்டிப் பார்த்தேனா? நீங்கள்தான் எல்லாரும் என் தட்டை எட்டிப் பார்க்கிறீர்கள். "அப்போ தயிர்?" தயிரை இன்னும் விட முடியவில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த செமினாருக்கு ஆகும். கேட்டிருந்தால் நான் வீகனே இல்லை என்றாவது தெரிந்திருக்கும்.

ஹால் சிரித்தது கூடப் போகட்டும். வீடியோ எங்கள் ஊர் வாட்ஸப் குரூப் வரைக்கும் போய், ராத்திரி அப்பா கூப்பிட்டார். "ஏஞ்சாமி, நம்ம தொழிலு உனக்கு அசிங்கமா?" அந்தக் கோழி கட்டிய ஃபீஸில்தான் படிக்கிறேன், எனக்குத் தெரியாதா? "இல்லீங்ப்பா" என்றேன். அப்புறம் என்ன சொல்வதென்று தெரியாமல், இந்த பேட்ச் எப்போது பிடிக்கிறார்கள் என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன்.

சரி, கமெண்டில் பள்ளிபாளையம் சிக்கன் போட்டோ போடப் போகிறவர்கள் போடுங்கள். தேங்காய்ப் பல் நிறையப் போட்டதாகப் பார்த்துப் போடுங்கள், எனக்கும் வாய் ஊறத்தான் செய்யும்.