மறதிக்கு முந்தைய இருபது வருடம்

"தினமும் நடந்தால் மூளையில் சேர்ந்த அழுக்கு கரைந்துவிடும்" என்று சுற்றிக்கொண்டிருக்கும் ஃபார்வர்டு பாதிதான் சரி. அழுக்கு கரைந்துவிடும் என்ற தவறான பாதியை நம்பி அறுபதுக்கு மேல் நடக்கலாம் என்று தள்ளிப்போடுபவர்கள்தான் அதிகம்.

அல்சைமர் என்ற மறதி நோயில், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்குவதற்கு 15, 20 வருடம் முன்பே, நரம்பு செல்களுக்கு வெளியே அமிலாய்டு புரதம் படிய ஆரம்பிக்கிறது. அதோடு நின்றால் பலருக்குப் பெரிய பாதிப்பு தெரிவதில்லை. செல்லுக்கு உள்ளே இருக்கும் டாவ் புரதம் முறுக்கிக்கொண்டு பரவும்போதுதான் நினைவு சரிகிறது.

2025-இல் வெளிவந்த ஹார்வர்டு ஆய்வு காட்டியது இந்த இடத்தைத்தான். 50 முதல் 90 வயது வரை 296 பேர், சிலரை 14 வருடம் வரை கவனித்தார்கள். அதிகம் நடந்ததால் அமிலாய்டு குறைந்துவிடவில்லை. ஆனால் அமிலாய்டு ஏற்கெனவே கூடியிருந்தவர்களில், அதிகம் நடந்தவர்களுக்கு டாவ் சேரும் வேகம் குறைவாக இருந்தது. நாளுக்கு 3,000–5,000 அடி (ஸ்டெப்ஸ்) நடந்தவர்களுக்கு நினைவுச் சரிவு சுமார் 3 வருடம் தள்ளிப்போனது. 5,000–7,500 அடி என்றால் 7 வருடம். அதற்கு மேல் நடந்து கூடுதல் பலன் பெரிதாக இல்லை. பத்தாயிரம் அடியை விட்டுவிடுங்கள். இது கவனிப்பு ஆய்வு என்பதால் நடைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. மூளை தளர ஆரம்பித்தவர் தானாகவே குறைவாக நடக்கவும் கூடும்.

முதல் வாரம் எதையும் மாற்றாமல் அடிகளை மட்டும் எண்ணுங்கள். போனை மேஜையில் வைத்துவிட்டு நடந்தால் கணக்கு வராது. 2,000 வந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 வீதம் கூட்டினால் போதும். எடுத்த எடுப்பில் 7,000 போனவர்களுக்குப் பெரும்பாலும் முழங்கால் வலிதான் மிச்சம்.

நடையைவிட நான் முதலில் சொல்வது பிபி. 2019-இல் வந்த ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், மேல் அளவை 140-க்குப் பதில் 120-க்குக் கீழ் வைக்க முயன்றவர்களிடம் லேசான நினைவுக் குறைபாடு 19 சதவீதம் குறைந்தது. ஆனால் வீட்டில் அளப்பதில்தான் எல்லாம் கெடுகிறது. காபி குடித்து, சிகரெட் பிடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையில் சுற்றும் பட்டை சட்டைக்கு மேல் அல்ல, தோலின் மேல். கை நெஞ்சு உயரத்தில். பட்டை சிறிதாக இருந்தால் அளவு பொய்யாக ஏறும். காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, ஏழு நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி எடுங்கள். 135/85-ஐத் தொட்டால் அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். மாத்திரையை நீங்களே கூட்டக் கூடாது.

தூக்கத்தில் இரு பக்கமும் உண்டு. ஒரே இரவு விழித்திருந்த 20 பேரின் மூளை ஸ்கேனில் அமிலாய்டு சுமார் 5 சதவீதம் கூடியிருந்தது (2018). அதேபோல் நோயின் ஆரம்பமே தூக்கத்தைக் கெடுக்கவும் செய்யும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் தூக்கப் பரிசோதனை தேவை. அதற்குப் பதிலாக டைஃபென்ஹைட்ரமின் கலந்த அலர்ஜி மாத்திரையைத் தினம் போட்டுத் தூங்குவது வயதானவர்களுக்கு மோசமான வழி. நினைவுக்கு வேண்டிய மூளை ரசாயனமான அசிட்டைல்கோலினையே அது தடுக்கிறது. வீட்டில் யாராவது அப்படிப் போடுகிறார்களா என்று அட்டையின் பின்பக்கம் பாருங்கள்.